சரக்கின் படம் எங்கே இருக்க வேண்டும்? வணிகத் தரவுத்தளங்களில் தொடரும் ஒரு வழக்கு

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1992-இல் அக்ஸஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வெளியிட்டது. அதனுடன் பல பதிப்புகளில் வந்த 'நார்த்விண்ட்' மாதிரித் தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை நிரலாளர்கள் அட்டவணை, உறவு, வினவல் எல்லாவற்றையும் கற்றார்கள். உணவுப்பொருள்களை வாங்கி விற்கும் கற்பனை நிறுவனம் ஒன்றின் கணக்குவழக்கு அது. 77 சரக்குகள், 8 வகைகள், 9 ஊழியர்கள். படங்களை எப்படிக் கையாள்வது என்பதில் அந்த மாதிரியே ஒரு முடிவுக்கு வரவில்லை. வகைகளின் அட்டவணையில் படம் உள்ளேயே பதிந்திருந்தது. பிந்தைய அக்ஸஸ் பதிப்புகளின் ஊழியர் அட்டவணையில் கோப்பின் பெயர் மட்டும் இருந்தது. மைக்ரோசாஃப்டின் பெரிய தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வருக்கான வடிவத்தில் ஊழியர் அட்டவணை இரண்டையும் சுமந்தது: ஒரு புலத்தில், அதாவது நெடுவரிசையில், படம், இன்னொரு புலத்தில் அந்தப் படத்தின் இணைய முகவரி. சரக்குகளின் அட்டவணையில் படத்துக்கு இடமே இல்லை.

இரண்டு வழிகளிலும் வரக்கூடிய தொல்லைகள் அந்த மாதிரியிலேயே அடங்கியிருந்தன. வகைகளின் படத்தை வெளியே எடுத்து ஓர் இணையப் பக்கத்தில் காட்ட முயன்றவர்களுக்குப் படம் திறக்கவில்லை. அக்ஸஸ் தன் வசதிக்காகப் படத்துக்கு முன்னால் 78 பைட் தலைப்புத் தகவலை ஒட்டி வைத்திருந்தது. அதை வெட்டி எறிந்த பிறகே படம் தெரிந்தது. ஊழியர் படத்தின் முகவரியோ எந்தப் பயனர் கணினியாலும் எட்ட முடியாத ஏதோ ஒரு சர்வரைச் சுட்டியது. அந்த முகவரியில் ஊழியர்கள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் எழுத்துப்பிழையோடு, ஓர் 'எம்' கூடுதலாகப் பதிந்திருந்தது. உள்ளே வைத்த படம் வெளியே வர மறுத்தது. வெளியே வைத்த படத்துக்கு வழி காட்டும் குறிப்பு பிழையாக இருந்தது.

படம் தரவுத்தளத்துக்கு உள்ளேயா, வெளியே தனிக் கோப்பாகவா என்று இன்றும் நிரலாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாதத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். சரக்குக்கும் அதன் படத்துக்கும் இடையே உள்ள பிணைப்பைக் காக்கும் பொறுப்பு யாருடையது? படம் உள்ளே இருந்தால் தரவுத்தளமே அதைக் காக்கும். வெளியே வைத்தால் அந்த வேலையை நம் நிரல் ஒவ்வொரு படியிலும் செய்தாக வேண்டும். படத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிணைப்பைக் காக்கும் வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல் விடுவதே பெரும்பாலான சீரழிவுகளுக்குக் காரணம்.

உள்ளே வைக்கும்போது நடப்பவை

பிற மென்பொருள்களின் கோப்புகளைப் பதிப்பதற்கான அக்ஸஸின் பழைய ஓஎல்ஈ புலத்தில், ஜேபெக் என்ற சுருக்கிய வடிவில் உள்ள ஒரு படத்தைப் பதித்தால், பெரும்பாலும் அந்தக் கோப்பு மட்டும் உள்ளே போகாது. எந்த மென்பொருள் அதைத் திறக்க வேண்டும் என்ற விவரமும், திரையில் உடனே காட்டுவதற்கான சுருக்கப்படாத பிட்மேப் நகலும் கூடவே போகும். 1600 பிக்சல் அகலமும் 1200 பிக்சல் உயரமும் உள்ள படத்தை எடுத்துக்கொள்வோம். ஜேபெக்காக அது சில நூறு கிலோபைட்டில் அடங்கும். சுருக்கப்படாத வடிவில் பிக்சலுக்கு 3 பைட் என்று கணக்கிட்டால் 57,60,000 பைட் ஆகிறது. அக்ஸஸ் கோப்பின் உச்சவரம்பு 2 ஜிபி. சில நூறு சரக்குகளுக்கு ஆளுக்கொரு படம் சேர்த்ததும் கோப்பு நிரம்பிவிடும். கடைக்காரர் கண்ணுக்கு எல்லாமே சிறிய படங்கள்; கோப்பு ஏன் வீங்கியது என்று அவருக்குப் புரியாது.

அக்ஸஸ் 2007-இல் வந்த இணைப்புப் புலம் இந்த வீக்கத்தைத் தீர்த்தது. படம் அதன் இயல்பான வடிவிலேயே உள்ளே போனது; ஒரு பதிவுக்குப் பல படங்களையும் சேர்க்க முடிந்தது. ஆனால் 2 ஜிபி வரம்பு அப்படியே இருந்தது. ஒரே வினவலில் புதிய அட்டவணைக்குப் பதிவுகளைச் சேர்க்க முயன்றால் இந்தப் புலம் ஒத்துழைக்காது. பிற்காலத்தில் பெரிய தரவுத்தளத்துக்கு மாற நினைப்பவர்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. அதே பதிப்பில் வந்த இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படவில்லை, ஆனால் அதுவே கூடுதல் பயனுள்ளது: படத்தைக் காட்டும் கட்டுப்பாட்டை, கோப்பின் பாதை எழுதிய ஓர் எழுத்துப் புலத்தோடு நேரடியாக இணைக்கலாம். அதற்கு முன்பு ஒவ்வொரு பதிவுக்கும் படத்தை மாற்ற நிரல் எழுத வேண்டியிருந்தது. பல பதிவுகளை வரிசையாகக் காட்டும் படிவத்தில் அந்த நிரலும் பயன்படாது. எல்லா வரிகளிலும் ஒரே படம் தெரியும்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் சந்தித்த தொல்லை வேறு விதமானது. அதன் 'பிளாப்' என்ற தரவு வகை 65,535 பைட் மட்டுமே கொள்ளும். அதைவிடப் பெரிய படத்தைக் கொடுத்தால் பழைய அமைப்புகள் மறுக்காமல், மீதியை வெட்டிவிட்டுப் பதிந்துகொண்டன. ஜேபெக் படம் பொதுவாக மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் மேல்பாதி சரியாகத் தெரியும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும். கேமராவைச் சந்தேகித்தவர்கள் உண்டு, இணைய இணைப்பைச் சந்தேகித்தவர்கள் உண்டு. 'மீடியம்பிளாப்' என்ற வகையைத் தேர்ந்திருந்தால் 16 எம்பி வரை இடம் கிடைத்திருக்கும். 2015-இல் வந்த 5.7 பதிப்பு முதல் பொருந்தாத தரவை மறுக்கும் கண்டிப்பு நிலை இயல்பாகவே அமைந்ததால், இப்போது வெட்டாமல் பிழைச் செய்தி தருகிறது.

இவை மென்பொருளுக்கு மென்பொருள் மாறுபவை. எல்லாத் தரவுத்தளத்துக்கும் பொதுவான ஒரு தவறு, படத்தைச் சரக்கு அட்டவணையிலேயே ஒரு புலமாக வைப்பது. பில் போடும்போது தேவைப்படுவது பெயர், விலை, இருப்பு மட்டுமே. எல்லாப் புலங்களையும் கொண்டு வா என்று சோம்பேறித்தனமாக எழுதிய ஒரு வினவல், ஐம்பது சரக்குகளின் பட்டியலுக்கு ஐம்பது படங்களையும் சேர்த்து இழுத்து வரும். மைக்ரோசாஃப்ட் 2005-ஆம் ஆண்டு எஸ்க்யூஎல் சர்வருக்குத் தந்த 'அட்வென்ச்சர்வொர்க்ஸ்' மாதிரி இதைச் சரியாகச் செய்தது. படங்களுக்குத் தனி அட்டவணை; அதில் சிறுபடத்துக்கு ஒரு புலம், பெரிய படத்துக்கு ஒரு புலம், இரண்டுக்கும் கோப்புப் பெயர்கள். சரக்கையும் படத்தையும் இணைக்க இன்னோர் அட்டவணை. எது முதன்மைப் படம் என்ற குறியும் அதில் உண்டு. ஒரு சரக்குக்குப் பல படங்கள் இருக்கலாம், ஒரே படத்தைப் பல சரக்குகளும் பகிரலாம். ஒரே சட்டையின் ஆறு அளவுகளுக்கு ஒரே படம் போதும். ஆறு நிறங்களுக்கு ஆறு படங்கள் வேண்டும். இந்த உண்மையைச் சரக்கு அட்டவணையில் உள்ள ஒற்றைப் படப் புலத்தால் ஒருபோதும் சொல்ல முடியாது. படம் இல்லாத சரக்குகளுக்கென்று 'படம் இல்லை' என்ற படத்தையே ஒரு பதிவாக அந்த மாதிரி வைத்திருந்ததும் நல்ல யோசனை. அப்படிச் செய்யாமல் இரண்டு அட்டவணைகளையும் கண்டிப்பான இணைப்பில் சேர்த்துவிட்டால், படம் எடுக்கப்படாத சரக்கு விற்பனைப் பட்டியலிலிருந்தே காணாமல் போகும்.

அளவுதான் தீர்ப்பு எழுதுகிறது

2006-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஜிம் கிரே, கேத்தரின் வான் இங்கன் ஆகியோரும் ரஸ்ஸல் சியர்ஸும் இந்த வழக்கை அளந்து பார்த்தார்கள். ஜிம் கிரே தரவுத்தளப் பரிவர்த்தனைகள் (சேர்ந்து நடக்கவேண்டிய மாற்றங்கள் முழுதாக நடக்கும், இல்லையேல் ஒன்றுமே நடக்காது என்ற ஏற்பாடு) பற்றிய பணிக்காக, கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதை 1998-இல் பெற்றவர். இந்தக் கேள்விக்கு அவரைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது கடினம். எஸ்க்யூஎல் சர்வரையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையையும் ஒப்பிட்டதில், 256 கேபிக்குக் குறைவானவற்றைத் தரவுத்தளம் நன்றாகக் கையாண்டது. 1 எம்பிக்கு மேற்பட்டவை கோப்புகளாக இருப்பதே நல்லது. இடையில் உள்ளவற்றுக்கு, எவ்வளவு அடிக்கடி மாற்றி எழுதப்படுகின்றன என்பது முடிவு செய்யும். மாற்றி எழுத எழுதத் தரவு துண்டு துண்டாகச் சிதறுகிறது. பெரிய பொருள்களில் அந்தச் சிதறல் தரவுத்தளத்துக்குள் மோசமாகிறது.

அந்த அளவீடு சுழலும் வன்தட்டுகளின் காலத்தது. எண்கள் இன்று இடம் மாறலாம், போக்கு மாறவில்லை. ஒரே கோப்பில் அடங்கும் சிறிய தரவுத்தளமான எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்கள் சுமார் 10 கேபி அளவிலான துண்டுகளை வைத்துச் சோதித்தபோது, தனித்தனிக் கோப்புகளாகப் படிப்பதைவிடத் தரவுத்தளத்திலிருந்து படிப்பது ஏறத்தாழ 35 சதவீதம் வேகமாக இருந்தது. ஒவ்வொரு கோப்பையும் திறப்பதும் மூடுவதும் இயங்குதளத்துக்கு ஒரு செலவு. தரவுத்தளத்தை ஒருமுறை திறந்தால் போதும். 10 கேபி என்பது கிட்டத்தட்ட ஒரு சிறுபடத்தின் அளவு.

இதை ஒரு சராசரிக் கடையின் கணக்கில் போட்டுப் பார்த்தால் விடை தானாக வருகிறது. 3,000 சரக்குகள், ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியில் எடுத்த மூன்று படங்கள், படத்துக்கு 4 எம்பி என்றால் 36 ஜிபி. எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு நெடுங்காலம் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபிதான் அனுமதித்தது. அதே 3,000 சரக்குகளுக்கும் ஆளுக்கொரு 10 கேபி சிறுபடம் என்றால் மொத்தம் 30 எம்பி. ஆகவே சிறுபடத்தை உள்ளே, சரக்குக்குப் பக்கத்தில் தனி அட்டவணையில் வைக்கலாம். மூலப்படம் வெளியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பெரிய மென்பொருள்களும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. எஸ்க்யூஎல் சர்வர் 2008-இல் வந்த 'ஃபைல்ஸ்ட்ரீம்' வசதி, படத்தை வன்தட்டில் கோப்பாக வைத்துக்கொண்டு, அதன் பொறுப்பைத் தரவுத்தளத்திடம் விட்டது; பரிவர்த்தனையிலும் காப்புப்பிரதியிலும் அந்தக் கோப்பு சேர்ந்தே போகும். எக்ஸ்பிரஸ் பதிப்பின் அளவு வரம்பிலும் அது கணக்கில் வராது. சராசரியாக 1 எம்பிக்கு மேற்பட்டவற்றுக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லும் மைக்ரோசாஃப்டின் பரிந்துரை, 2006 ஆய்வின் முடிவோடு பொருந்துகிறது. ஃபைல்மேக்கர் என்ற தரவுத்தள மென்பொருள் 2012-இல் தன் 12-ஆம் பதிப்பில் இதற்கு நிகரான வெளிச்சேமிப்பைக் கொண்டுவந்தது.

வெளியே வைப்பவர் ஏற்கவேண்டிய கடமைகள்

முதல் கடமை பெயர். கோப்பின் பெயரை மனிதர் யாரும் தட்டச்சிடக் கூடாது. நிரல்தான் உருவாக்க வேண்டும். மனிதர் இட்ட பெயரில் இடைவெளி வரும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலக்கும். விண்டோஸில் அந்த வேறுபாடு பொருட்டில்லை. அதே கோப்புறை லினக்ஸ் சர்வருக்குப் போனதும் பாதிப் படங்கள் மறைந்துவிடும். தமிழில் பெயரிடுவோருக்கு இன்னொரு பொறியும் உண்டு. 'கொலுசு' என்ற பெயரின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தோ, ககரத்துடன் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஆப்பிள் மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பின் பெயரும், விண்டோஸ் கணினியில் தட்டச்சிட்டுத் தரவுத்தளத்தில் ஏற்றிய பெயரும் சர்வரில் பொருந்தாமல் போகும்போது, பிழையைத் தேடுபவர் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. தமிழ்ப் பெயர் சரக்கின் பெயர்ப் புலத்தில் பெருமையோடு இருக்கட்டும். கோப்புக்குக் குறியீட்டு எண்ணே போதும்.

எந்த எண்? இந்தியாவில் ஜிஎஸ்1 அமைப்பு வழங்கும் பார்கோடு எண்கள் 890 என்று தொடங்கும் 13 இலக்கங்கள். ஜிஎஸ்1-இன் படங்களுக்கான நெறிமுறையே கோப்புப் பெயரில் இத்தகைய எண்ணைப் பயன்படுத்தச் சொல்கிறது. விநியோகஸ்தர்களோடு படங்களைப் பரிமாறிக்கொள்ள அது நல்ல வழி. கைத்தறிச் சேலைக்கும் உள்ளூர்ப் பலகாரத்துக்கும் பார்கோடு இருக்காது என்பதால், உள்ளுக்குள் நம் சரக்கு எண்ணையே நம்பலாம். அதனோடு படத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்பின் (கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) ஒரு பகுதியையும் சேர்க்க வேண்டும் என்பேன். வெறும் சரக்கு எண்ணை வைத்தால், படத்தை மாற்றிய பிறகும் பெயர் மாறாது. வாடிக்கையாளரின் உலாவி தன்னிடம் சேமித்த பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும் என்று அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை வேரோடு போகும். பெல்ஜியத்தில் உருவான ஓடூ என்ற வணிக மேலாண்மை மென்பொருள் ஹாஷ் மதிப்பையே முழுப் பெயராக வைத்து, அதன் முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டு துணைக் கோப்புறைகளாகப் பிரிக்கிறது. ஒரே கோப்புறையில் லட்சம் கோப்புகள் குவிவதில்லை. ஒரே படத்தை இருமுறை ஏற்றினாலும் ஒரு நகலே மிஞ்சும்.

தரவுத்தளத்தில் முழுப் பாதையை எழுதுவதும் தவறு. ஒரு கணினியில் 'இசட்' என்று காட்டும் பகிர்வு இயக்ககம் அடுத்த கணினியில் 'ஒய்' ஆக இருக்கும். சர்வரை மாற்றினால் எல்லாப் பதிவுகளையும் திருத்த வேண்டும். கோப்பின் பெயர் மட்டும் பதிவில் இருக்கட்டும். கோப்புறை எங்கே என்பது அமைப்பு அட்டவணையில் ஒரே ஒரு வரியாக இருக்கட்டும். விண்டோஸின் பல நிரல்கள் 260 எழுத்துகளுக்கு மேற்பட்ட பாதையை இன்னும் ஏற்பதில்லை என்பதால், அடுக்கடுக்கான கோப்புறைகளைத் தவிர்ப்பதும் நல்லது.

இரண்டாவது கடமை வரிசை. இதைச் சொல்லும் கையேடுகள் குறைவு, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கோப்பு முறைக்கும் தரவுத்தளத்துக்கும் பொதுவான பரிவர்த்தனை கிடையாது. நடுவில் மின்சாரம் போனால் ஒன்று நடந்திருக்கும், மற்றொன்று நடந்திருக்காது. அப்போது இரண்டில் ஒரு நிலை வரும். பதிவு இல்லாத கோப்பு, அல்லது கோப்பு இல்லாத பதிவு. முதலாவது சிறிது இடத்தை வீணாக்கும், அவ்வளவுதான். இரண்டாவது வாடிக்கையாளரின் திரையில் உடைந்த படமாக நிற்கும். எனவே எப்போதும் முதல் நிலையின் பக்கமே சாய வேண்டும். சேர்க்கும்போது, கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் எழுதி முடித்த பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றி, அதன் பிறகே பதிவை உறுதி செய்ய வேண்டும். நீக்கும்போது, முதலில் பதிவை நீக்க வேண்டும். கோப்பைச் சில வாரங்கள் விட்டுவைத்து, எந்தப் பதிவும் அதைச் சுட்டவில்லை என்று சரிபார்த்த பிறகு அழிக்கலாம்.

காப்புப்பிரதிக்கும் இதே தர்க்கம்தான். முதலில் தரவுத்தளம், பிறகு கோப்புறை. தரவுத்தளத்தை நகலெடுத்த கணத்தில் அதில் இருந்த ஒவ்வொரு பதிவின் படமும் ஏற்கெனவே வன்தட்டில் இருக்கும். கோப்புகளை உடனுக்குடன் அழிக்காததால், பின்னால் எடுக்கும் கோப்புறை நகலிலும் அது நிச்சயம் இருக்கும். மாற்றிச் செய்தால், இடைவெளியில் சேர்ந்த படங்கள் நகலில் விடுபடும். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மேலாண்மை மென்பொருளில் வழக்கமான காப்புக் கட்டளை தரவுத்தளத்தை மட்டுமே நகலெடுக்கும். கோப்புகளும் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஓடூவிலும் தரவுத்தளத்தை மட்டும் நேரடியாக நகலெடுத்தால் கோப்புக் கிடங்கு சேராது. வட்டு பழுதாகி, நகலிலிருந்து மீட்டு, கணக்கெல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதி அடைந்தவர், சரக்குப் பட்டியலைத் திறந்ததும் வெற்றுக் கட்டங்களைப் பார்க்க நேரும். நகல் எடுப்பதோடு நிறுத்தாமல், வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, படங்கள் தெரிகின்றனவா என்று சோதித்தவரே உண்மையில் காப்புப்பிரதி வைத்திருக்கிறார்.

திரைக்கு வரும் வழியில்

சுருக்கிய கோப்பு சிறியது என்பதால் திரையில் காட்டுவதும் எளிது என்று பலர் நம்புகிறார்கள். காட்டுவதற்கு அதை விரித்தாக வேண்டும். 4000க்கு 3000 பிக்சல் கொண்ட கைப்பேசிப் படம் கோப்பாக 4 எம்பி இருக்கலாம். விரித்ததும் பிக்சலுக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் 48 எம்பி. ஐம்பது வரிப் பட்டியலில் இந்தப் படங்களையே சின்னதாக்கிக் காட்டும் நிரல் 2.4 ஜிபி கேட்கும். தபால்தலை அளவுள்ள கட்டத்துக்கு இது எந்த விதத்திலும் நியாயமில்லை. படம் ஏறும் நேரத்திலேயே இரண்டு மூன்று அளவுகளில் நகல் எடுத்து வைப்பதே முறை. ஓடூ 1920, 1024, 512, 256, 128 பிக்சல் என்று ஐந்து அளவுகளை வைத்துக்கொள்கிறது. சிறிய கடைக்குப் பட்டியலுக்கு ஒன்று, விவரப் பக்கத்துக்கு ஒன்று போதும்.

படம் ஏறும் அந்த நேரத்திலேயே செய்யவேண்டிய வேறு இரண்டு வேலைகளும் உண்டு. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல கைப்பேசிகள் பிக்சல்களைப் பக்கவாட்டிலேயே எழுதி, 'காட்டும்போது திருப்பவும்' என்ற குறிப்பை, படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் சேர்க்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காத பழைய வணிக மென்பொருளில் குத்துவிளக்கு படுத்திருக்கும். பிக்சல்களையே உண்மையாகத் திருப்பிச் சேமித்துவிட்டால் எந்த மென்பொருளிலும் நிமிர்ந்து நிற்கும். அதே எக்ஸிஃப் தகவலில் படம் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் இருக்கலாம். வீட்டிலிருந்தே நகையும் சேலையும் விற்கும் பெண்கள் ஏராளம். அவர்களின் சரக்குப் படம் வீட்டு முகவரியை உலகத்துக்குச் சொல்லக் கூடாது. வெளியே போகும் நகல்களிலிருந்து அந்தத் தகவலை நீக்குவதை ஒரு விருப்பத் தேர்வாக வைக்காமல், மென்பொருள் தானாகவே செய்ய வேண்டும்.

மூலப்படத்தை மட்டும் அப்படியே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இடம் போகிறதே என்று அதைச் சிறிதாக்கிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. அச்சுப் பட்டியலில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரமாக அச்சிட ஏறத்தாழ 590 பிக்சல் வேண்டும். அரைப் பக்கத்துக்கு இன்னும் அதிகம். அமேசானில் விற்கப் போனால் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கிறார்கள், படத்தின் பரப்பில் 85 சதவீதத்தைச் சரக்கு நிரப்ப வேண்டும் என்கிறார்கள், பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீளமான பக்கம் 1000 பிக்சலாவது இருக்க வேண்டும். இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. மூலம் கையில் இருந்தால் எந்த விதிக்கும் புதிய நகல் எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததை மூலம் என்று எண்ணிச் சேமிக்க வேண்டாம். அது ஏற்கெனவே சுருங்கி வந்தது. ஆவணமாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும்.

எல்லாவற்றையும் உள்ளேயே வைப்பது சரியாக அமையும் இடங்களும் இருக்கின்றன. நூறு இருநூறு சரக்குகள், ஒரே கணினி, ஒரே கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் கொண்டுபோக வேண்டிய விற்பனைப் பிரதிநிதி என்றால், படங்களை 1000 பிக்சலுக்குச் சுருக்கி எஸ்க்யூலைட்டிலோ அக்ஸஸின் இணைப்புப் புலத்திலோ வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. படமே சான்றாக நிற்கும் தொழில்களிலும் அப்படித்தான். அடகுக் கடையில் நகையின் படம், பழுதாகத் திரும்பி வந்த சரக்கின் படம் போன்றவை பதிவோடு பிரியாமல் இருக்க வேண்டும். பதிவை மாற்றாமல் படத்தை மட்டும் ஒருவர் மாற்றிவிட வழி இருக்கக் கூடாது. அங்கே வேகமும் இடமும் இரண்டாம் பட்சம். தரவுத்தளம் பெரிதானாலும் படத்தை உள்ளேயே வைக்கலாம். ஃபைல்ஸ்ட்ரீம் போன்ற வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். கோப்புறையில்தான் வைக்க முடியும் என்ற நிலை வந்தால், முழு ஹாஷ் மதிப்பையும் பதிவில் எழுதி, படத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நிரல் அதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி அமைக்க வேண்டும்.